மானிட்டரை மாற்றிவிட்டேன், பழையதை எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு யோசனை சொல்லி உங்கள் நாளிதழில் சில வாரங்களுக்கு முன் ஒரு கட்டுரை வந்தது. மேசைமேல் இன்னும் டப்பா மானிட்டர் (பிக்சர் டியூப் வைத்த பழைய கனத்த வகை) இருந்தால் கம்ப்யூட்டரையே மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார், சரி. ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு என் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் முப்பதாயிரம் ரூபாய் கடன் கேட்கக் கிளம்பிவிட்டார். அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்த கையோடு இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், நடுநடுவே காதுகுத்துப் பத்திரிகை, இதுதான் பிழைப்பு. இருபது வருடமாகச் சேர்த்த மாதிரிப் படிவங்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. அந்த மென்பொருளோ 2001-இல் வந்த ஏழாவது பதிப்போடு நின்றுபோனது. எழுத்துருக்களும் யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியீட்டு முறைக்கு முந்திய காலத்தவை. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட என் பழைய கம்ப்யூட்டரில் இவை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகின்றன. அதற்கு நான் இண்டர்நெட் இணைப்பே கொடுப்பதில்லை, ஆன்லைன் விண்ணப்பம் என்று யாராவது வந்தால் மகனுடைய லேப்டாப் இருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டரை மாற்று என்று சொன்னால் என்னைப் பொறுத்தவரை கடையை இழுத்துமூடு என்று சொல்வதுபோலத்தான்.

கெட்டுப்போனது மானிட்டர் மட்டும். 17 அங்குலம் என்று சொல்லி விற்றது, அளந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது 16 அங்குலம்தான், மீதி பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். ஒரு வருடமாகவே காலையில் போட்டால் படம் மங்கலாக வந்து, பத்து நிமிடம் சூடேறிய பிறகுதான் தெளியும். அப்புறம் தெளிவதும் நின்றது. பிக்சர் டியூபின் கழுத்திலிருந்து கிளம்புகிற எலக்ட்ரான் கற்றை ஒரு புள்ளியில் கூர்மையாக விழ வேண்டும், வயதாகிவிட்டால் அது பரவலாக விழ ஆரம்பித்துவிடும் என்று மெக்கானிக் விளக்கினார். எனக்கு விளங்கியது வேறு விதத்தில். ஒரு விற்பனை ஒப்பந்தத்தில் சர்வே எண்ணில் 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று அடித்துவிட்டேன். திரையில் இரண்டு முறை சரிபார்த்தும் எனக்கு 3 என்றே தெரிந்தது. முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுத்து, வக்கீல் குமாஸ்தா விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. முத்திரைத்தாள் காசு என் பையிலிருந்து போனது, அதுகூடப் பரவாயில்லை. வாங்குபவராக வந்திருந்த பெரியவர், "ஏம்ப்பா, அடுத்தவன் நிலத்தை எனக்கு எழுதிக் குடுக்கப் பார்த்தியே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் பாருங்கள், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "டியூபும் வீக்கு, எல்.ஓ.டி.யும் போகப் போகுது சார். கெடைச்சாலும் இன்னொரு பழைய மானிட்டர்லேர்ந்து கழட்டினதுதான் கெடைக்கும். விட்டுடுங்க" என்றார். எல்.ஓ.டி. என்பது டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர். கூலிகூட வாங்கவில்லை. (தயவுசெய்து வாசகர்கள் யாரும் தாங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அவரே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் தொட்டார்.)

சரி, புதுத் திரை வாங்கலாம் என்று விசாரித்தால், கம்ப்யூட்டர் கடைகளில் முதல் கேள்வியே "சிஸ்டம் எவ்வளவு பழசு சார்?" என்பதுதான். சொன்னவுடன் ஒரு பரிதாபப் பார்வை. ஒரு கடையில், அந்தக் காலத்து சிஸ்டத்துக்கு இப்போது வரும் மானிட்டர் எதுவும் சேராது என்று அடித்துச் சொன்னார்கள். இது சுத்தப் பொய். டப்பா மானிட்டரின் பின்னால் நீலத் தலையோடு ஒரு வயர் வரும், பதினைந்து ஊசி இருக்கும், வி.ஜி.ஏ. என்பார்கள். 1987-இல் வந்த அந்த இணைப்பு இன்றைக்கும் விலை குறைந்த தட்டை மானிட்டர்கள் பலவற்றில் இருக்கிறது. வாங்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் போதும். எச்.டி.எம்.ஐ. என்ற புதுவகை இணைப்பு மட்டும் உள்ளதாக இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டாம், இடையில் ஒரு மாற்றுப்பெட்டி வாங்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு செலவு, அது கெட்டால் ஒரு அலைச்சல்.

கடைசியில் எழும்பூரில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கே போனேன். அண்ணா சாலைக்குப் பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துசந்தாகப் போகுமே, அங்கே. கம்பெனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மானிட்டர்களை மாற்றும்போது வெளியே தள்ளுபவை அங்கே அடுக்கடுக்காக வந்து நிற்கின்றன. புதிதாக அகலத் திரை ஒன்று நாலாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். அதைத்தான் முதலில் எடுக்கப் பார்த்தேன். கடைப் பையன் நல்லவன், "ஒங்க சிஸ்டத்துல 1366-க்கு 768 வருமா சார்?" என்று கேட்டான். திரையில் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்ற கணக்கு அது. எனக்குத் தெரியவில்லை. மகனுக்குப் போன் போட்டுக் கடையில் பார்க்கச் சொன்னேன். என் போர்டின் பழைய கிராபிக்ஸ் டிரைவரில் அந்த அளவு பட்டியலிலேயே இல்லை. 1280-க்கு 1024 இருந்தது. "அப்ப உங்களுக்கு 17 இன்ச் சதுரம்தான் சார் கரெக்ட்" என்று சொல்லி, ஏதோ ஒரு அலுவலகத்தின் சொத்து எண் ஸ்டிக்கர்கூட உரிக்காத ஒன்றை எடுத்து வைத்தான். 1,800 ரூபாய், ஒரு மாத வாரண்டி. நாலாயிரம் செலவழிக்க வந்தவனை 1,800-இல் அனுப்பினான் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். ரிச்சி தெரு என்றாலே ஏமாற்று என்று பேசுபவர்கள் உண்டு, எனக்கு நேர்ந்தது இது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. அரை மணி நேரம் அங்கேயே ஓடவிட்டுப் பார்த்தேன். முழுத்திரையும் வெள்ளை, பிறகு முழுத்திரையும் கறுப்பு வைக்கச் சொன்னேன். செத்துப்போன புள்ளி இருந்தால் வெள்ளையில் கறுப்பாகவும், எரிந்தபடியே நின்றுவிட்ட புள்ளி கறுப்பில் பொட்டு வைத்த மாதிரியும் தெரிந்துவிடும். முதலில் எடுத்துக் காட்டியதில் ஓரமெல்லாம் பழைய காகிதம் மாதிரி மஞ்சள் பாய்ந்திருந்தது, உள்ளே இருக்கும் மெல்லிய குழல்விளக்குக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம், வேண்டாம் என்றேன். இன்னொன்று போட்டதும் இரண்டு நொடி தெரிந்து கறுத்தது. அது பெரிய நோய் இல்லையாம், பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், மாற்றினால் ஓடும் என்றார்கள். எனக்கு எதற்கு அந்த வம்பு? பட்டன்கள் அழுந்துகின்றனவா, வயரின் ஊசி வளைந்திருக்கிறதா, அடாப்டர் தனியாக வேண்டிய வகையா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. நாலு கிலோகூட இருக்காது, மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் வந்துவிட்டேன். பழையதை வாங்கிய அன்று இரண்டு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.

மாட்டிய அன்று ஒரு கலவரம். இணைத்துப் போட்டால் விண்டோஸ் படம் வரைக்கும் வருகிறது, அதற்குப் பிறகு இருட்டில் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று ஒரு வரி மட்டும் மிதக்கிறது. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். விஷயம் இதுதான்: டப்பா மானிட்டரில் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட்டால் கண் கூசும், அதனால் எந்தக் காலத்திலோ 85 என்று மாற்றி வைத்திருந்தேன். தட்டைத் திரைக்கு அந்தத் துடிப்பு வேண்டாம், 60-இலேயே அசையாமல் நிற்கும். என்னுடையது 75-க்கு மேல் ஏற்கவும் ஏற்காது. பழைய மானிட்டரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே 60 என்று வைத்துவிட்டுக் கழற்றியிருந்தால் அந்த ஒரு மணி நேரக் கலவரம் மிச்சம். பழையதைத் திரும்ப மாட்டி, மாற்றி, மறுபடி புதியதை மாட்டினேன். பழையதற்குக் கடைசி வேலை அதுதான்.

அடுத்தது எழுத்து. 1024-க்கு 768 என்ற பழைய அளவிலேயே விட்டிருந்தேன். எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது, ஆனால் உற்றுப் பார்த்தால் ஓரமெல்லாம் மை ஊறின மாதிரி இருந்தது. ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டன, மெய்யெழுத்தின் புள்ளி எது, திரையின் தூசி எது என்று துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கிலீஷ் அடிப்பவர்களுக்கு இது அவ்வளவு தெரியாது, தமிழுக்குப் புள்ளிதானே உயிர், புள்ளி போனால் வார்த்தை போச்சு. காரணம் எளிது. தட்டைத் திரையில் குறுக்கே 1280, நெடுக்கே 1024 என்று புள்ளிகள் எண்ணிக்கை மாறாமல் பதிந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் 1024-க்கு 768 அனுப்பினால், ஒரு புள்ளியைக் குறுக்கே ஒன்றேகால் புள்ளியாகவும் நெடுக்கே அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் இழுக்க வேண்டும். கால் புள்ளி எங்கே இருக்கிறது? பக்கத்துப் புள்ளியில் வழிகிறது. வட்ட சீலும் முட்டையாகத் தெரிந்தது. 1280-க்கு 1024 என்று சரியாக வைத்து, எக்ஸ்பியில் அணைத்தே கிடந்த கிளியர்டைப் என்ற, எழுத்தைத் தெளிவாக்கும் வசதியைப் போட்டுவிட்ட பிறகு, பேஜ்மேக்கரில் அச்சுக் கோத்த மாதிரி எழுத்து நிற்கிறது. எழுத்து கொஞ்சம் சிறுத்தது உண்மை. அதற்குப் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், திரையின் அளவைக் குறைக்கக் கூடாது. அரசு அலுவலகங்களிலேயே பல இடங்களில் நல்ல தட்டைத் திரையைத் தப்பான அளவில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். யாராவது ஒரு நிமிடம் சரிசெய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

மின்சாரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். பழையதன் பின்பக்கத்தில் 90 வாட் என்று போட்டிருந்தது, இதில் 35. நாளுக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 28 யூனிட் குறைகிறது. கோடீஸ்வரன் ஆகிவிட முடியாது, ஆனால் கரண்ட் போனால் அதே பழைய யு.பி.எஸ். முன்பு ஐந்து நிமிடம் தாங்கியது, இப்போது அதைவிடக் கூடுதல் நேரம் தாங்குகிறது. ஒரு மனுவை அடித்து முடித்து சேவ் செய்துவிடலாம். சித்திரை வெயிலில் முகத்துக்கு நேரே ஒரு அடுப்பு எரிவதும் நின்றது. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் என் நண்பர் மட்டும், டப்பா மானிட்டரின் கறுப்பும் கலரும் இந்த மலிவுத் தட்டையில் வராது, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறுகிறது என்று சண்டைக்கு வருகிறார். அவர் சொல்வது சரிதான். எனக்கு வேண்டியது கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளும்.

ஆக, வாங்குவது 1,800 ரூபாயும் ஒரு நாள் அலைச்சலும்தான். இதற்குமேல்தான் நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

பழைய மானிட்டரைக் காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். ஐம்பது ரூபாய் தருகிறேன் என்றார். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு, போர்டைத் தனியாகப் போட்டு, பிளாஸ்டிக்கைத் தனியாகப் போட்டுவிடுவாராம். கண்ணாடி? "அதை யார் சார் எடுப்பா, ஒடைச்சு எங்கயாச்சும் கொட்டிடுவோம்" என்றார், ஒளிவுமறைவில்லாமல். ஏரிக்கரைப் பக்கம் சாம்பல் நிறத்தில் தடித்தடியாகக் கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதை நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன், ஏதோ பாட்டில் என்று நினைத்திருந்தேன். பாட்டில் இல்லை. பிக்சர் டியூபின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். உள்ளே உண்டாகும் எக்ஸ்ரே வெளியே வராமல் தடுப்பதற்காக வேண்டுமென்றே கலந்தது அது, ஒரு மானிட்டருக்குக் கிலோ கணக்கில் வரும். டியூப் முழுசாக இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது. உடைத்துப் பொடியாக்கி மழைத் தண்ணீரில் போட்டால்தான் வினை. உடைப்பதிலும் ஆபத்து இருக்கிறது, உள்ளே காற்றே இல்லாத வெற்றிடம், தப்பாகத் தட்டினால் உள்வாங்கி வெடித்துச் சில்லு முகத்தில் அடிக்கும். அந்தக் கடையில் இதைத் தட்டுவது பதினெட்டு வயதுகூட ஆகாத ஒரு பையன், கையில் உறைகூடக் கிடையாது. சின்ன வயதில் தெருவில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது இத்தனை ஈயத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

ஐம்பது ரூபாய் வேண்டாம் என்று திருப்பி எடுத்து வந்துவிட்டேன். குப்பை வண்டி அம்மாவிடம் கேட்டதற்கு, "இதெல்லாம் ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்" என்றார். அவர் சொன்னதுதான் சட்டம். மின்னணுக் கழிவுக்கு நம் நாட்டில் முதலில் 2011-இல் விதிகள் போட்டு 2012 மே மாதம் அமலுக்குக் கொண்டுவந்தார்கள், 2016-இல் மாற்றினார்கள், 2022-இல் மறுபடி மாற்றி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தயாரித்த கம்பெனியே பொறுப்பேற்க வேண்டும், பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும் என்பது சாரம். படிக்க நன்றாக இருக்கிறது. என் மானிட்டரைத் தயாரித்த கம்பெனி அந்த வியாபாரத்தையே விட்டுப் பல வருடம் ஆகிறது. அங்கீகாரம் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒரே ஒரு மானிட்டருக்கு வண்டி அனுப்ப முடியாது, கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். தொழிற்பேட்டைக்குப் போய்வர ஆட்டோ கேட்ட கூலி, புதுத் திரையின் விலையில் பாதிக்கு மேல். அவர்களையும் குறை சொல்ல முடியாது. முன்பு பழைய டியூபின் கண்ணாடியை உருக்கிப் புது டியூபே செய்துவிடுவார்கள், இப்போதுதான் யாரும் டியூபே செய்வதில்லையே, அந்தக் கண்ணாடி அவர்களுக்கும் சுமைதான்.

டைப்பிங் கடைக்காரன் ஒருவனின் ஒற்றை மானிட்டருக்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா என்று கேட்கலாம். 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவியை நினைத்துப் பாருங்கள். ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அம்மா இருந்தவரை அதில்தான் சீரியல் பார்த்தார்கள். அதற்குள் இருப்பதும் இதே டியூப், இதே கண்ணாடி. நல்ல திட்டம்தான், அந்த டிவி வந்த அன்று எங்கள் தெருவே திருவிழாவாக இருந்தது. ஆனால் வண்டி வைத்து வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு, இன்று பரண்மேல் தூசி படிந்து கிடப்பதைத் திரும்ப எடுக்க வண்டி கிடைக்கவில்லையா? ரேஷன் கார்டைக் காட்டி வாங்கிய பொருள், எந்தத் தெருவில் எத்தனை கொடுத்தோம் என்ற கணக்குகூட எங்கேயாவது இருக்கத்தான் செய்யும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராட்சி இடம் ஒன்றில் லாரி ஒன்று வந்து நிற்கட்டும், டிவி, மானிட்டர் எதுவானாலும் உடைக்காமல் கொண்டுவாருங்கள் என்று தண்டோரா போடட்டும், அங்கிருந்து மொத்தமாகப் பதிவுபெற்ற நிறுவனத்துக்கு அனுப்பட்டும். காசு தர வேண்டாம், நாங்களே சுமந்து வந்து கொடுக்கிறோம். செம்புக் கம்பிக்காக உடைக்கும் காயலான் கடைக்காரருக்கு முழு டியூபாகக் கொடுத்தால் நூறு ரூபாய் என்று ஒரு விலை வைத்தால் அவரே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார், அவருக்கு இருக்கும் தெருப் பழக்கம் எந்த அதிகாரிக்கும் கிடையாது. உங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மாவட்ட வாரியாக, தமிழில், ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கிப் போடுங்கள். புது மானிட்டர் விளம்பரத்துக்கு எத்தனையோ பக்கம் கொடுக்கிறீர்கள்.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரும் வரும் சனிக்கிழமை என்னோடு ரிச்சி தெருவுக்கு வருவதாக இருக்கிறார். அவருடைய டப்பாவும் சேர்ந்தால் எங்கள் கடை வராந்தாவில் இரண்டாகிவிடும். இப்போதைக்கு அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறேன், மனு எழுத வருகிறவர்கள் பையை வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர் ஒருவர்,
செங்கல்பட்டு.